ஓ.டி. வாங்கிய ஓட்டக்காரன்

நெல்லை, தூத்துக்குடி இரண்டு மாவட்டத்திலும் பேர் சொல்லும்படியான மைதானம் எதுவானாலும் அதை நான் மிதித்திருக்கிறேன். ஜெயித்தது ஒன்றிலும் இல்லை. இதைச் சொல்ல எனக்குப் பெரிய வெட்கமெல்லாம் கிடையாது. எட்டுப் பேர் ஓடினால் ஏழு பேர் தோற்றுத்தான் ஆக வேண்டும். அந்த ஏழு பேருக்கும் ஆள் வேண்டுமே. வெட்கம் வேறு இடத்தில் இருக்கிறது. கொஞ்சம் சுற்றித்தான் அங்கே வர முடியும்.

சொந்த ஊர் ஏரல். என் சின்ன வயதில் அங்கே விளையாட்டரங்கம் என்று ஒன்று கிடையாது. தாமிரபரணி இருந்தது, மணல் இருந்தது. கோடையில் ஆறு ஓர் ஓரமாக ஒதுங்கிக்கொண்டு மீதி இடத்தை எங்களுக்கு விட்டுவிடும். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் சேர்மன் கோயிலுக்கு வருகிற சனம் அந்த மணலையும் பிடித்துக்கொள்ளும்; அந்த நாட்களில் எங்களுக்கு விளையாட்டு இல்லை, வேடிக்கைதான். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: சேர்மன் என்பது பதவிதான். ஏரலில் சேர்மனாக இருந்து 1908-ல் ஆடி அமாவாசையன்று சமாதியான அருணாசல சுவாமியின் கோயில் அது. சேர்மனைச் சாமியாகக் கும்பிடுகிற ஊர் எங்களுடையது. இப்போதைய தலைவர்கள் யாருக்கும் அந்த ஆசை இருப்பதாகத் தெரியவில்லை.

அந்த மணல் இன்றைக்கு இல்லை. ஸ்ரீவைகுண்டத்துக்காரரான தோழர் நல்லகண்ணு 2010-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தானே நின்று வாதாடி, தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை வாங்கினார். அதற்குள் எங்கள் ஆடுகளம் பாதிக்கு மேல் லாரி ஏறிவிட்டது. நான் சரியாக ஓட்டம் பழகாததற்கு மணல் கொள்ளையைக் காரணம் காட்டலாமா என்று யோசித்துப் பார்த்தேன். வருஷக் கணக்கு ஒத்துவரவில்லை. நான் பழகாமல் விட்டபோது மணல் நிறையவே இருந்தது.

ஏரல் பக்கம் பிறந்துவிட்டுக் கபடி வராது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். மணத்தி எங்கள் பக்கத்து ஊர். அந்த ஊர் கணேசன் 1994-ல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியக் கபடி அணியில் ஆடித் தங்கத்தோடு வந்தார். அந்தப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்ததே நாலு தங்கம், அதில் ஒன்று கபடியில். மறு வருஷம் அர்ஜுனா விருது. 2025-ல் மாரி செல்வராஜ் எடுத்த ‘பைசன் காளமாடன்’ படம் அவருடைய வாழ்க்கையை ஒட்டி வந்ததுதான். அந்தப் படம் ஓடிய நாட்களில் அலுவலகத்தில் நான் பட்ட பெருமையைக் கணேசனே பட்டிருக்க மாட்டார்.

“எங்க ஊர்ப் பக்கம்லா. எல்லாம் ஒரே மண்ணுதான்” என்று மேசை மேசையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

“அப்போ நீங்களும் ஆடியிருக்கீங்களா சார்?” என்று புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டான்.

“பின்னே?” என்றேன்.

பொய்யில்லை. ஆடியிருக்கிறேன். கபடிக் களம் பதின்மூன்று மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம். நடுக்கோட்டிலிருந்து எதிராளி களத்தின் பாக் லைன் மூன்றே முக்கால் மீட்டர். பாடிக்கொண்டு போகிறவன் யாரையும் தொடாவிட்டாலும் அந்தக் கோட்டையாவது தாண்டிவிட்டுத் திரும்ப வேண்டும். தாண்டவில்லையென்றால் அவனே அவுட். எனக்குப் பாட்டில் குறையே கிடையாது. ஊர்க் கடைசி வரை கேட்கும். ஆனால் எதிரே ஏழு பேர் கைகோத்து நிற்பதைப் பார்த்ததும், கூப்பிடாத கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்துவிட்டவன் எழுந்திருக்கிற மாதிரி, யார் முகத்தையும் பார்க்காமல் நைசாகத் திரும்பிவிடுவேன். பாக் லைன் அங்கேயே கிடக்கும். இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டு எங்கள் அணித் தலைவன், “ஏலே, நீ கோட்டுக்கு வெளிய நில்லு. அதுவே பெரிய ஒத்தாசை” என்றான். கையில் ஒரு நோட்டைக் கொடுத்தார்கள். புள்ளி எழுதுகிற வேலை.

அதையாவது செய்தேனா? பக்கத்து ஊரில் மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி. குழல் விளக்கைச் சுற்றி ஈசல், ஒலிபெருக்கியில் கொடையாளர் பெயர்கள். எதிரணியில் ஆறு பேரோ ஏழு பேரோ நிற்கும்போது பாக் லைனுக்கு அப்பால் ஒரு மீட்டரில் உள்ள போனஸ் கோட்டைத் தாண்டினால் ஒரு புள்ளி. எங்கள் ஆள் அழகாகக் காலை நீட்டித் தாண்டினான். நடுவர் கையைத் தூக்கினார். நான் சுக்குக் காபி வாங்கப் போயிருந்தேன். அந்த ஆட்டத்தில் நாங்கள் எத்தனை புள்ளியில் தோற்றோம் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். காலை நீட்டியவன் இன்றைக்கும் ஏரல் கடைத்தெருவில் என்னைப் பார்த்தால், “காபி குடிக்கியா?” என்றுதான் கேட்பான்.

நான் படித்த கல்லூரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அதற்கும் மானம் உண்டு. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவது என்பது மட்டும் போதும். 1990-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து வந்த புதுப் பல்கலைக்கழகம். நாங்கள் சேர்ந்தபோது அதற்கு இன்னும் மீசை முளைக்கவில்லை, எங்களுக்கும்தான். நெல்லை, தூத்துக்குடி, குமரி மூன்று மாவட்டக் கல்லூரிகளும் அதன் கீழே இருந்தன, தென்காசி அப்போது நெல்லையோடு சேர்ந்திருந்தது. கல்லூரிகளுக்கு இடையே போட்டி நடக்கும், அதில் தேறுகிறவர்கள் பல்கலைக்கழக அணிக்கு, அங்கிருந்து தென்மண்டலப் போட்டிக்கு, அதையும் தாண்டினால் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிக்கு. ஏணி ஒழுங்காகத்தான் இருந்தது. நான் முதல் படியில் உட்கார்ந்துகொண்டு மற்றவர்களுக்கு வழி விடாமல் இருந்தேன்.

எனக்குத் தேவைப்பட்டது ஓ.டி. விவரம் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். விளையாட்டுக்குப் போகிற மாணவனுக்கு அன்றைய வகுப்புகளுக்கு வந்ததாகவே வருகை போடுவார்கள். எனக்கு எழுபத்தைந்து சதவீதம் தேறாது என்ற நிலைமை. நூறு மீட்டருக்குப் பத்துப் பேர் முட்டி மோதினார்கள். நீளம் தாண்டுதலுக்குக் கால் வேண்டும், குண்டு எறிதலுக்கு ஏழேகால் கிலோவைத் தூக்கித் தோளில் வைக்க வேண்டும். ஐயாயிரம் மீட்டருக்கு ஆளே இல்லை. கல்லூரிக்கு இரண்டு பேர் போகலாம். ஒருவன்தான் பேர் கொடுத்திருந்தான். இரண்டாவது ஆள் நானானேன்.

போட்டி பாளையங்கோட்டையில். ஏரலிலிருந்து ஸ்ரீவைகுண்டம், செய்துங்கநல்லூர் வழியாகப் பஸ். பாளையங்கோட்டையைப் படிப்புக்குப் பெரிய ஊர் என்பார்கள். அது மைதானங்களுக்கும் பெரிய ஊர் என்பதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. 1878-ல் தொடங்கிய தூய யோவான் கல்லூரி, 1923-ல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரி, அவற்றைச் சுற்றி வரிசையாகப் பழைய பள்ளிக்கூடங்கள், போதாததற்கு வ.உ.சி. மைதானம், அண்ணா விளையாட்டரங்கம். சாயங்காலம் அந்தப் பக்கம் நடந்தால் ஒரு மைதானத்து விசில் ஓய்வதற்குள் அடுத்ததில் விசில் கேட்கும். ஆற்று மணலில் வளர்ந்த எனக்கு, தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு ‘இதற்குள்ளே ஓடு’ என்று சொல்வதே விசித்திரமாக இருந்தது.

ஐயாயிரம் மீட்டர் என்றால் நானூறு மீட்டர் தடத்தைப் பன்னிரண்டரைச் சுற்று. அந்த அரைச் சுற்றினால் ஓட்டம் முடிகிற இடத்தில் தொடங்காது, மைதானத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் தொடங்கும். இது எனக்குத் தெரியாது. நான் கடைசிக் கோட்டில் தனியாகப் போய்க் குனிந்து நின்றேன். அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டிக் கூப்பிட்டார்கள். ஓடிப்போய்ச் சேர்ந்தேன். மற்றவர்களுக்குப் பன்னிரண்டரை, எனக்குப் பதின்மூன்று.

நாலாவது சுற்றிலேயே முன்னால் போனவர்கள் எனக்குப் பின்னால் வந்துவிட்டார்கள். பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டதும், நல்ல பிள்ளையாக வழி விடலாமே என்று வெளிப்பக்கம் விலகினேன். அவனும் என்னை வெளிப்பக்கமாகத்தான் தாண்ட வந்திருக்கிறான். முட்டிக்கொண்டோம். அவன் ஸ்பைக்ஸ் என் கெண்டைக்காலைக் கிழித்தது. தழும்பு இருக்கிறது. பேரப்பிள்ளைகளிடம் அதைக் காட்டி வேறொரு கதை சொல்லி வைத்திருக்கிறேன். அவன் தடுமாறி எழுவதற்குள் இரண்டு பேர் அவனைத் தாண்டிவிட்டார்கள். வேறொரு கல்லூரிப் பையன்; மூன்றாவதாகவோ நாலாவதாகவோ முடித்தான். பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

அத்தோடு விட்டேனா? கடைசிச் சுற்றுக்கு மணி அடிப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். மணி அடித்தது. இருந்த சத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு பாய்ந்தேன். முன்னால் போய்க்கொண்டிருந்த யாரோ ஒருவனைத் தாண்டக்கூடச் செய்தேன். கோட்டைத் தொட்டு இரண்டு கையையும் தூக்கி, அப்படியே புல்லில் மல்லாந்து விழுந்தேன். வெள்ளைத் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் அட்டையும் பேனாவுமாகக் குனிந்து பார்த்தார்.

“தம்பி, ஒனக்கு இன்னும் ரெண்டு ரவுண்டு கெடக்கு. மணி அவனுக்கு அடிச்சது.”

முதலாவதாக வருகிறவனுக்குத்தான் மணி. மற்றவர்கள் அவரவர் கணக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த இரண்டு ரவுண்டையும் நான் முடித்தபோது நீளம் தாண்டும் குழியைச் சமப்படுத்த ஆரம்பித்திருந்தார்கள். ஓ.டி. கிடைத்தது.

அடுத்த வருஷம் நானூறு மீட்டருக்கு மாறினேன். ஒரே சுற்று, மணிக் குழப்பம் கிடையாது. குலுக்கலில் எட்டாவது பாதை விழுந்தது. போய் நின்றால் முன்னால் யாருமே இல்லை. எல்லோரும் எனக்குப் பின்னால். முதல் பாதைக்காரன் ஐம்பது மீட்டருக்கு மேல் பின்தங்கி நிற்கிறான். வளைவில் வெளிப்பாதையின் சுற்றளவு அதிகம் என்பதால் அந்த அளவுக்கு முன்னால் நிறுத்துகிறார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. அன்றைக்கு நான் புரிந்துகொண்டது, இந்தப் பையன் பாவம் என்று சலுகை கொடுத்திருக்கிறார்கள் என்றுதான். துப்பாக்கி வெடிக்கும் வரை நான் முதலிடத்தில் இருந்தேன். வெடித்த பிறகு நடந்தது எல்லோரும் எதிர்பார்த்ததே.

அதன்பின் பி.டி. சார் என்னை ஓட விடவில்லை. ஆனால் விரட்டவும் இல்லை, நல்ல மனுஷன். மைதானத்தில் கோடு போடுகிற கூட்டத்தில் சேர்த்துவிட்டார். இப்போது செயற்கைத் தடங்களில் கோடுகள் நிரந்தரமாகப் பதிந்திருக்கின்றன. அந்தக் காலத்தில் ஒவ்வொரு போட்டிக்கும் மண்ணில் புதிதாக வரைய வேண்டும். பார்க்கிறவர்களுக்குச் சுண்ணாம்பைத் தூவிக்கொண்டு போவதாகத் தெரியும். அதற்குள் இருக்கிற கணக்கு கோயில் கட்டுகிறவர்களுக்கு உள்ள கணக்கு. இரண்டு நேர்பாதை, ஒவ்வொன்றும் 84.39 மீட்டர். இரண்டு அரைவட்டம், ஆரம் 36.50 மீட்டர். ஓடுகிறவன் கோட்டின் மேலேயே கால் வைக்க மாட்டான் என்பதால், தடுப்பு விளிம்பிலிருந்து முப்பது சென்டிமீட்டர் தள்ளி அளந்தால்தான் முதல் பாதை சரியாக நானூறு வரும். ஒவ்வொரு பாதையும் 1.22 மீட்டர் அகலம். இரண்டு அரைவட்டத்துக்கும் நடுவில் ஆளுக்கொரு முளை அடித்து, அதில் கயிறு கட்டிச் சுற்றி வர வேண்டும். எல்லாக் கணக்கும் அந்த இரண்டு முளையில் நிற்கிறது.

ஒரு முளைக்குக் காவல் நான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அதில் ஆடு கட்டியிருந்தது. அவிழ்த்துவிட முடியவில்லை என்று முளையையே பிடுங்கி, ஆட்டை விரட்டிவிட்டு, ஏறக்குறைய இருந்த இடத்திலேயே திரும்ப அடித்தேன். ஏறக்குறைய. ஒரு மீட்டர் உள்ளே வந்திருக்கிறது. பெரிய விஷயமாக அன்றைக்குத் தோன்றவில்லை. முளை ஒரு மீட்டர் நகர்ந்தால் இரண்டு நேர்பாதையும் ஒவ்வொரு மீட்டர் குறையும், சுற்றுக்கு இரண்டு மீட்டர். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டம் மூன்றே முக்கால் சுற்று.

என் வகுப்புத் தோழன் ஒருவன் அந்த ஓட்டத்தில் கல்லூரிச் சாதனையை உடைத்தான். தோளில் தூக்கிக்கொண்டு ஆடினோம், முன்னால் ஆடியவன் நான். பி.டி. சாருக்கு மட்டும் முகத்தில் சந்தோஷமில்லை. வளைவைப் பார்த்துக்கொண்டே நின்றார். நாடாவை எடுத்துவரச் சொன்னார். மறுநாள் காலை அறிவிப்புப் பலகையில் அவன் முதலிடம் இருந்தது, சாதனை இல்லை. ‘தட அளவு குறைவு’ என்று எழுதியிருந்தது. ஏழு மீட்டர் சொச்சத்துக்கு அவன் எடுத்திருக்கக்கூடிய நேரத்தைக் கூட்டினாலும் பழைய சாதனை உடைந்துதான் இருக்கும் என்று அவன் காகிதத்தில் போட்டுக் காட்டினான். விதி அதை ஏற்காது. யார் முளையை நகர்த்தியது என்ற விசாரணையில் நான் ஆட்டைக் காட்டிக் கொடுத்தேன்.

அதே தோழன் அடுத்த வருஷம் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானான். முதுகில் பல்கலைக்கழகத்தின் பெயர் பொறித்த டிராக் சூட் வந்தது. நீலமும் வெள்ளையும். அதை ஒரு நாள் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு ஏரலுக்குப் போனேன். பஸ்ஸில் ஒரு பெரியவர் எழுந்து எனக்கு இடம் கொடுக்க வந்தார். கடைத்தெருவில் அண்ணாச்சிமார் கூப்பிட்டு விசாரித்தார்கள். “நம்ம பய யுனிவர்சிட்டிக்கு ஓடுதானாம்லா” என்று என் பெரியப்பாவே நாலு பேரிடம் சொன்னார். நான் மறுக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். திருப்பிக் கொடுக்கும்போது மடிப்புக் கலையாமல் கொடுப்போமே என்று இஸ்திரி போட்டேன். அந்தத் துணி இஸ்திரிக்கு ஆகாது. முதுகில் ‘சுந்தரனார்’ இருந்த இடத்தில் பெட்டி அளவுக்கு ஓட்டை. அவன் தென்மண்டலப் போட்டிக்கு யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு போனான். போய்விட்டு வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இப்போது அவன் உடற்கல்வி ஆசிரியர். திருச்செந்தூர் டாக்டர் சிவந்தி ஆதித்தனார் உடற்கல்வியியல் கல்லூரி எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலரைப் பி.டி. வாத்தியாராக்கிய இடம், இவன் படித்தது வேறிடத்தில். நந்தனத்தில் இருக்கும், ஹாரி பக் 1920-ல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியிலிருந்து கணக்கெடுத்தால், தமிழ்நாட்டில் இந்தப் படிப்புக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 2004-ல் சட்டம் போட்டு இதற்கென்றே தனிப் பல்கலைக்கழகமும் வந்துவிட்டது. ஆனாலும் பெண் பார்க்கப் போகிற வீட்டில் மாப்பிள்ளை பி.டி. வாத்தியார் என்றால், “அப்புறம் பாடம் எதுவும் எடுக்க மாட்டாரா?” என்று கேட்கிறார்கள். அவன் கல்யாணத்தில் இதைக் கேட்டவர் என் மாமனார். அதற்கு நான் பொறுப்பில்லை.

மற்ற மைதானங்களை வேகமாகச் சொல்லி முடிக்கிறேன். தூத்துக்குடி தருவை மைதானம்: சுதந்திர தினத்துக்கு அணிவகுப்பு நடக்கும், காவலர் தேர்வும் நடக்கும். தேர்வுக்குப் போனேன். மார்பளவு 81 சென்டிமீட்டர், மூச்சை இழுத்தால் இன்னும் ஐந்து விரிய வேண்டும். நான் இழுத்தேன், விரிந்தது வயிறு. ஏழு நிமிஷத்தில் ஓட வேண்டிய ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் வரைக்கும் அவர்கள் என்னைக் கொண்டுபோகவே இல்லை.

சங்கர் நகர் இந்தியா சிமெண்ட்ஸ் மைதானம்: 2016-ல் டி.என்.பி.எல். தொடங்கியதிலிருந்து கிரிக்கெட் பார்க்கக் குடும்பத்தோடு போவதுண்டு. ஒரு சிக்ஸர் நேராக என்னிடம் வந்தது. எழுந்து, மனைவியை ஒதுக்கி, இரண்டு கையையும் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டேன். பந்து பின்வரிசைக்காரரின் பாப்கார்னில் விழுந்தது. தொலைக்காட்சியில் மூன்று கோணத்தில் போட்டார்களாம். துபாயிலிருந்து மைத்துனன் போன் செய்து, “அத்தான், கண்ணத் தொறந்து பிடிக்கணும்” என்றான்.

கோவில்பட்டி செயற்கைப் புல் ஹாக்கி மைதானம்: லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி பார்க்கப் போயிருந்தேன். ஆட்டத்துக்கு முன்னால் பீய்ச்சிப் பீய்ச்சித் தண்ணீர் அடித்தார்கள். கோவில்பட்டியின் தண்ணீர்க் கஷ்டம் ஊரறிந்தது. எனக்குச் சமூக அக்கறை பொங்கிவிட்டது. “குடிக்கத் தண்ணி இல்லாத ஊர்ல பிளாஸ்டிக் புல்லுக்கு எதுக்குங்க தண்ணி? வளரவா போகுது?” என்று சத்தமாகக் கேட்டேன். பக்கத்திலிருந்த பத்து வயதுப் பையன் பொறுமையாகச் சொன்னான்: நனைக்காவிட்டால் பந்து ஒழுங்காக உருளாது, விழுந்தால் தோல் வழண்டுவிடும். ஆசியக் கோப்பைக்கு 2022-ல் இந்திய அணியில் ஆடிய மாரீஸ்வரன் இந்த ஊர்க்காரர் என்பதையும் அவன்தான் சொன்னான். நான் அவரைச் சென்னைக்காரர் என்று நினைத்திருந்தேன். ஆட்டம் முடிகிற வரை வேறெதுவும் பேசவில்லை.

2023 டிசம்பர் வெள்ளத்தைச் சொல்லாமல் போக முடியாது. 17-ஆம் தேதி பிடித்த மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஏரலுக்குள் ஆறு புகுந்தது, கடைத்தெரு முழுகியது, பாலம் துண்டானது. மாடியில் இரண்டு நாள், மூன்று நாள் என்று நின்றவர்களெல்லாம் எனக்குச் சொந்தக்காரர்கள். பாத்திரக் கடைகளின் பித்தளைக் குடங்கள் எந்த ஊர்த் தோப்பிலோ போய் ஒதுங்கின. எங்கள் பழைய வீட்டின் கீழ்த்தளத்திலும் கழுத்தளவு தண்ணீர் நின்றது. ஒரு தகரப் பெட்டி போய்விட்டது. அதில் பழைய ரேஷன் கார்டு, அம்மாவின் சேலை இரண்டு, ஐயாயிரம் மீட்டர் ஓட்டத்தில் ‘பங்கேற்றமைக்காக’ எனக்குக் கொடுத்த காகிதம்.

அடுத்த கோடையில் பேரன் கேட்டான், “தாத்தா, நீங்க ஓடுனீங்கன்னு சொன்னீங்களே, கப்பெல்லாம் எங்க?”

“வெள்ளத்துல போயிட்டுடா” என்றேன்.

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. பையன் முகம் வாடிவிட்டது. “எத்தனை கப் தாத்தா?” என்றான். அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். எண்ணிக்கை சொன்னேன். மெடல்களையும் சேர்த்துக்கொண்டேன். அடுப்படியில் இருந்த மனைவி வெளியே வந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவளுடைய அண்ணன் கடை உண்மையாகவே வெள்ளத்தில் போனது. நான் என் இல்லாத கோப்பைகளை அதன் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருந்தேன். பேரன் அதைப் பள்ளிக்கூடத்தில் கட்டுரையாக எழுதி, டீச்சர் வகுப்பில் வாசித்துக் காட்டியதாகப் பிறகு தெரிந்தது. இதுவரை அவனிடம் திருத்திச் சொல்லவில்லை. இந்தப் பத்தியை அவன் படிக்கிற வயது வருவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

ஆரம்பத்தில் வெட்கம் வேறு இடத்தில் என்று சொன்னேனே, அதற்கு வந்துவிட்டேன். டாக்டர் நடக்கச் சொன்னார். சர்க்கரை. நான் இப்போது இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மைதானம், காலை ஐந்தரைக்கெல்லாம் திறந்துவிடுவார்கள். என் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்துவிட்டோம். ஒரே வரிசையில், தோளோடு தோளாக நடப்போம். அரசியல் பேச அதுதான் வசதி. முதல் பாதையிலிருந்து நாலாவது பாதை வரை எங்களுடையது. உள்பக்கம் நடந்தால் தூரம் குறைவு என்று முதல் பாதையை நான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு பெண் பிள்ளை. பதினாறு வயது இருக்கும். கழுத்தில் கடிகாரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு அவளுடைய அப்பா ஓரமாக நிற்பார். அவள் வேகமாக வரும்போதெல்லாம் பின்னாலிருந்து “டிராக்! டிராக்!” என்று குரல் கொடுப்பாள். நாங்கள் திரும்பிப் பார்ப்போம். திரும்பிப் பார்க்கிறவன் நின்றுவிடுவான். அவள் ஐந்தாவது பாதை வரை வெளியே போய் எங்களைச் சுற்றிக்கொண்டு திரும்ப உள்ளே வருவாள். பல நாள் இப்படி. அந்த வயதுப் பிள்ளைக்கு என்ன அப்படி அவசரம் என்று எங்களில் ஒருவர் சலித்துக்கொண்டார். நானும் ஆமோதித்தேன். ஒரு நாள் அவள் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டே, மரியாதையாகச் சொன்னாள்:

“மாமா, நீங்க நடக்கிறதுக்கு எந்த லேனும் சரிதான். எனக்கு நேரம் பார்க்கிறதுக்கு இந்த ஒரு லேன்தான் நானூறு.”

இரண்டாவது பாதையில் ஒரு சுற்று ஓடினாலே ஏழு மீட்டர் கூடிவிடும். நான் சுண்ணாம்புச் சட்டியும் நாடாவுமாகப் படித்த கணக்கு. ஏழு மீட்டர். அந்த எண்ணை நான் மறந்திருக்க நியாயமே இல்லை.

காலையில் மைதானத்துக்கு நடக்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். நாலு பேராகப் போனாலும் முன்பின்னாக நடங்கள். ஏழாவது, எட்டாவது பாதையில் நடங்கள். எட்டாவதில் ஒரு சுற்றுக்கு ஐம்பது மீட்டருக்கு மேல் கூடுதல், டாக்டர் சந்தோஷப்படுவார். பின்னால் “டிராக்” என்று சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காதீர்கள், நிற்காதீர்கள், இருக்கிற பாதையிலேயே நேராகப் போய்க்கொண்டிருங்கள், தாண்டுகிறவர் பார்த்துக்கொள்வார். முதல் பாதையை ஓடுகிற பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள்.